டீசல் வண்டியில் ஏர் பிடித்தால்: எடுப்பதற்கு முன் எங்கே நுழைகிறது என்று பாருங்கள்



அண்ணாகிராமம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தில் லாரியும் டிராக்டரும் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. சீசனில் பலா ஏற்றுபவர்கள், ஆலைக்குக் கரும்பு இழுப்பவர்கள், முந்திரி மூட்டை கொண்டுபோகிறவர்கள். இவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு பேச்சு, "ஏர் பிடிச்சிருச்சு". ராத்திரி நல்லபடியாக நிறுத்திய வண்டி, காலையில் செல்ஃப் அடித்து அடித்துப் பார்த்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அல்லது ஸ்டார்ட் ஆகி, இரண்டு நிமிடம் ஓடி, திணறி நின்றுவிடும். மெக்கானிக் வருவார், ஏர் எடுப்பார், வண்டி ஓடும். நான்கு நாளில் மறுபடியும் அதே கதை. இந்த மாதப் பாடம் அந்த "மறுபடியும்" பற்றித்தான்.

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றுக்குள் டீசலை நாசில் பனிபோலத் தூவினால் அது தானாகப் பற்றிக்கொள்ளும். பழைய வண்டிகளின் நாசில் திறப்பதற்கே சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். லாரி டயரில் இருப்பது ஏறத்தாழ 8 பார்தான். டீசல் திரவம், அழுத்தினால் சுருங்காது. பம்ப் தள்ளும் விசை அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்றோ பஞ்சுமெத்தை போல. பம்ப் தள்ளத் தள்ள அது சுருங்கி விரியுமே தவிர, நாசில் திறக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1897ல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இஞ்சினில் எரிபொருளைத் தூவியதே அழுத்தக் காற்றுதான். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் தேவைப்பட்டதால் அந்த இஞ்சின் லாரிக்குள் அடங்கவில்லை. 1927ல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகே டீசல் லாரி பரவியது. நம் ஊரில் மைக்கோ பம்ப் என்று சொல்கிறோமே, அது அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளை செய்தது.

இனி முக்கியமான விஷயம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பைப்பில் டீசலைத் தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சும் பைப்பில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரமே தெரியாது. "எங்கேயும் லீக் இல்லையே" என்று டிரைவர் சொல்வது பொய்யல்ல. இஞ்சின் நின்றபின் அதே ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, பைப்பில் இருக்கும் டீசல் கீழே இருக்கும் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாததன் காரணம் இதுவே.

நுழையும் இடங்கள் பெரும்பாலும் சில்லறையானவை: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பழையதையே திரும்பப் போட்ட செம்பு வாஷர், தேய்ந்த கைப்பம்ப், வாட்டர் செபரேட்டரின் அடித் திருகு. சில வண்டிகளில் ஃபில்டர் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கமே இருக்கும். அங்கே ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டு, புதியது அதன்மேல் உட்கார்ந்தால் போதும், காற்றுக்கு வழி கிடைத்துவிடும்.

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் விழும் கீறல் இவற்றில் பொல்லாதது. டேங்க் நிறைய இருக்கும்வரை கீறல் டீசலுக்குள் மூழ்கியிருக்கும், வண்டி நன்றாக ஓடும். பாதிக்குக் கீழே இறங்கியதும் காற்றை இழுக்கும். முதலாளி, "டீசலைக் காயவிட்டு ஓட்டியிருக்கிறாய்" என்று டிரைவரின் பேட்டாவில் கை வைப்பார். வழியில் பலா பழுத்து வெடித்த நஷ்டமும் அவர் தலையில் விழும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு டீசலில்தான் நிற்கிறதா என்று குறித்து வைத்தாலே உண்மை தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் கூலியைப் பிடிப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

பழைய வகைப் பம்ப் உள்ள வண்டியில் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஃபீட் பம்புக்கு டீசல் வரும் இடத்தில் ஒரு முழம் டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸ் போட்டு இஞ்சினை ஓட்டுங்கள். அங்கே குமிழி ஓடினால் குற்றம் டேங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவே. அங்கே சுத்தமாக இருந்து, பம்பைத் தாண்டியபின் குமிழி தெரிந்தால் ஃபீட் பம்பையோ கைப்பம்பையோ பாருங்கள். அடுத்து, சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, அதிலிருந்து நேராக உறிஞ்ச விடுங்கள். திணறல் நின்றால் டேங்கும் அதன் பைப்பும்தான் காரணம். கேனைத் தரையில் வையுங்கள். உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி, கோளாறு மறைந்துவிடும். டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் உறிஞ்சல் கூடி, நல்ல ஜாயின்ட்கூடக் காற்றை இழுக்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் அதுதான் அடையாளம்.

குற்றத்தைச் சரிசெய்த பின்தான் ஏர் எடுக்க வேண்டும். சுற்றிலும் துடைத்துவிட்டு, ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகை இரண்டு சுற்று தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அடியுங்கள். அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகில் அதேபோல். செல்ஃபைப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். ஏர் எடுக்கப் போய் செல்ஃப் மோட்டாரைக் கருக்கியவர்கள் பலர்.

பழைய வண்டியில் நாசில் பக்கத்து நட்டையும் அரைச்சுற்று தளர்த்திக் காற்றை விடுவது வழக்கம். இந்தப் பழக்கத்தைக் காமன் ரெயில் வண்டிக்குக் கொண்டுபோகவே கூடாது. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 நாடு முழுவதும் வந்தபின் விற்ற லாரிகளில் பெரும்பாலானவை இந்த வகை. உள்ளே 1,600 பார், அதற்கும் மேலே அழுத்தம் ஏறும். அங்கே கைப்பம்போடு நிறுத்திக்கொண்டு, மீதியைக் கம்பெனி கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள், அல்லது பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள். ஓடும் இஞ்சினில் லீக்கை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவு. சில மணி நேரத்தில் சதை அழுக ஆரம்பித்து, விரலையே எடுக்கவேண்டி வரலாம். வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு காலைவரை காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிட்டு, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "கையில் காயம்" என்று மட்டும் சொல்லாமல், அழுத்தமான டீசல் உள்ளே புகுந்துவிட்டது என்றும் எத்தனை மணிக்குப் பட்டது என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.