ஈ.சி. மீட்டர் பிடிக்கத் தெரியுமா?

தோட்டக்கலை, வேளாண்மை, வேதியியல் என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு, உரக் கம்பெனி விற்பனை வேலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லையா? பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தேங்காய் மட்டை மில்லில் நார் உரித்தபின் மிஞ்சும் தூள், அதாவது நார்க்கழிவு, அங்கிருந்து ஐரோப்பிய நாற்றுப் பண்ணைகளுக்குக் கப்பலேறுகிறது. ஒரு காலத்தில் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடந்த சரக்கு. இன்று இந்தியக் கயிறுப் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் இதற்குத்தான்.

காரணம் பீட். சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கும் இந்தக் கரிமண்ணில்தான் ஐரோப்பியப் பண்ணைகள் பல பத்தாண்டுகளாக நாற்று வளர்க்கின்றன. அது சேர்வதோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், காடுகள் அத்தனையும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. வெட்டினால் அது காற்றில் கலந்துவிடும். அயர்லாந்தின் அரசு நிறுவனமான போர்ட் நா மோனா பீட் வெட்டுவதை 2021இல் கைவிட்டது. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களுக்கான பீட் விற்பனையை 2024க்குள் தடை செய்வதாக 2022இல் அறிவித்தார்கள். சட்டம் வராமலே கெடு கடந்துவிட்டது. எனவே நாளைக்கே பீட் ஒழிந்துவிடும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது.

பீட்டின் இடத்தைப் பிடிப்பதில் நம் தூளுக்குப் போட்டியும் உண்டு. மரநார், மரப்பட்டை, கம்போஸ்ட் எல்லாம் களத்தில் இருக்கின்றன. மரநார் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கம்போஸ்டின் தரம் லோடுக்கு லோடு மாறும். நம் நார்க்கழிவுக்கு வேறு வியாதி: உப்பு.

உங்களுக்கான வேலை அந்த உப்பில்தான் இருக்கிறது. பச்சைத் தூளில் சோடியமும் பொட்டாசியமும் அதிகம். நல்ல தண்ணீரில் அலசினால் ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) இறங்கும், ஆனால் தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம் எளிதில் அகலாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அதை வெளியேற்றுவதைத்தான் பஃபரிங் என்கிறார்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால், பண்ணையில் உரமாகக் கொடுக்கும் கால்சியத்தைத் தூளே பிடித்துக்கொள்ளும். தக்காளியின் அடி அழுகும். புகார் உங்கள் மேசைக்கு வரும்.

வாங்குபவர் “ஈ.சி. 0.5க்குள் வேண்டும்” என்றால் உடனே தலையாட்டாதீர்கள். எந்த விகிதத்தில் கரைத்து அளந்தது என்று கேளுங்கள். டச்சு முறையில் ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர். ஐரோப்பியப் பொதுத்தர முறையில் ஐந்து பங்கு. ஒரே தூள் இரண்டிலும் வேறு வேறு எண் காட்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் ஒரு கன்டெய்னரையே காப்பாற்றலாம். மற்றபடி பி.எச்., ஈரப்பதம், அழுத்திக் கட்டிய 5 கிலோ பிளாக் ஊறினால் சுமார் 70 லிட்டர் வருகிறதா, காயப்போட்ட களத்திலிருந்து களைவிதை சேர்ந்ததா என்பதெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். தாவர நலச் சான்றிதழ் உள்ளிட்ட ஏற்றுமதிக் காகிதங்களும் அப்படியே.

பயிற்சிக்குக் கயிறு வாரியத்தின் பொள்ளாச்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆய்வுப் பக்கம் போக விரும்பினால் ஆலப்புழைக்கு அருகே களவூரில் மத்திய கயிறு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கவே இருக்கிறது.

பீட்டுக்கு மாற்று என்பதாலேயே இது மாசில்லாத் தொழில் ஆகிவிடாது. அலசிய தண்ணீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்ற புகார்களுக்குப் பின், 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்க்கழிவு ஆலைகளை மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளைப் பிரிவிலிருந்து, மாசு கூடிய தொழில்களுக்கான ஆரஞ்சுக்கு மாற்றியது. அதனால் கழிவுநீர் சுத்திகரிப்பு தெரிந்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. நேர்முகத்தில் சம்பளம் பேசுவதற்கு முன், “வாஷ் தண்ணி எங்கே போகிறது?” என்று நீங்களே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.