புது போன் யாருக்கு, எத்தனை வருடத்துக்கு?

ஒரே விலையில் நாலு போனை எடுத்து வைத்து, "எல்லாமே நல்லா போகுது மேடம்" என்று கடைக்காரர் சொல்லும்போது குழப்பம் வரத்தான் செய்யும். பெட்டிமேல் இருக்கும் எண்களை ஒப்பிட ஆரம்பித்தால் அது இன்னும் கூடும். நம் வீடுகளில் ஒரு போன் ஒருவரோடு முடிவதில்லை. மகள் புதிது வாங்கினால் அவளுடையது அம்மாவுக்கு, அம்மாவுடையது பாட்டிக்கு என்று இறங்கிக்கொண்டே போகும். ஆகவே முதல் நாள் பளபளப்பைப் பார்க்காமல், நாலாவது வருடம் அந்தப் போன் எப்படி இருக்கும் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

1. முதலில் இப்போதைய போனுக்கு என்ன குறை என்று பாருங்கள். சார்ஜ் நிற்கவில்லை என்பது மட்டுமே குறை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றினாலே போதும். ஐபோன் செட்டிங்ஸில் 'பேட்டரி ஹெல்த்' எத்தனை சதவீதம் என்று தெரியும். 80-க்குக் கீழே போய்விட்டால் மாற்றலாம். ஹேங் ஆகிறது என்றால் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வைத் திறந்து, குட்மார்னிங் படங்களையும் பார்வர்டு வீடியோக்களையும் அழித்துப் பாருங்கள். சார்ஜர் சரியாக நிற்காமல் ஆடினால், போனை அணைத்துவிட்டு, சார்ஜ் போடும் துளையில் அடைந்திருக்கும் பஞ்சை மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். இவ்வளவுக்கும் சரியாகவில்லை, அல்லது செக்யூரிட்டி அப்டேட்டே நின்றுவிட்டது என்றால் புதிது வாங்கலாம்.

2. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" கேமராவும் ரேமும் அதற்குப் பிறகுதான். அப்டேட் இரண்டு வகை. ஒன்று ஆண்ட்ராய்டு பதிப்பே மாறுவது. அது வராவிட்டாலும் கொஞ்ச நாள் ஓட்டலாம். மற்றது செக்யூரிட்டி அப்டேட். திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பது அதுதான். அது நின்ற போனில் ஜிபே, வங்கி ஆப் எல்லாம் வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 வெளியிட்டபோது ஏழு வருட அப்டேட் தருவதாக அறிவித்தது. சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கு அதே ஏழு வருடத்தைச் சொன்னது. விலை குறைந்த ஏ16 5ஜி போனுக்கே ஆறு வருடம் தருகிறது. ஆப்பிள் இப்படி முன்கூட்டிச் சொல்லி விற்பதில்லை. ஆனால் 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 கிடைத்தது. இரண்டு, மூன்று வருடத்தோடு கைகழுவிவிடும் மாடல்களும் சந்தையில் நிறைய இருக்கின்றன. 18,000 ரூபாய் போன் மூன்று வருடம் வந்தால் வருடத்துக்கு 6,000. 25,000 ரூபாய் போன் ஆறு வருடம் வந்தால் வருடத்துக்கு சுமார் 4,170. எது மலிவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில் இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. போன் கைமாறி வீட்டுப் பெரியவரிடம் போய்ச் சேரும்போதுதான் அதன் அப்டேட் முடிந்திருக்கும். பென்ஷன் பணம் வரும் கணக்கு அவருடையது. ஏமாற்றுக்காரர்கள் தேடிக் கூப்பிடுவதும் அவரைப் போன்றவர்களைத்தான். வீட்டிலேயே அதிகப் பாதுகாப்பு தேவைப்படுபவருக்கு, இருப்பதிலேயே பாதுகாப்பு குறைந்த போனைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

3. பெயரை நம்பாதீர்கள், மாடல் எண்ணைக் கேளுங்கள். ஒரே பெயரில் 4ஜி ஒன்று, 5ஜி ஒன்று இருக்கும். உள்ளே சிப் வேறு, கேமரா வேறு. லைட், ப்ரோ, ப்ளஸ் என்று வால் முளைத்தால் போனே வேறு. மாறாக, ஷாவ்மியின் ரெட்மி, போக்கோ இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே போன் இரண்டு பெயரில் வருவதும் உண்டு. பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, விலையையும் அப்டேட் வருடத்தையும் அந்த எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள்.

4. "8 ப்ளஸ் 8, மொத்தம் 16 ஜிபி ரேம்" என்றால் நிஜ ரேம் 8 மட்டுமே. மீதி 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அதன் வேகம் ரேமுக்கு ஈடாகாது. ஸ்டோரேஜ் 128 ஜிபிக்குக் குறைய வேண்டாம். குழந்தைகளின் வீடியோ எடுத்துக்கொண்டே இருக்கும் வீடு என்றால் 256. அது இஎம்எம்சி வகையா, யுஎஃப்எஸ் வகையா என்றும் கேளுங்கள். யுஎஃப்எஸ் வேகமானது; இரண்டு வருடம் கழித்து ஆப் திறக்கும்போது வித்தியாசம் தெரியும். மெமரி கார்டு போட இடம் இருந்தால், அது இரண்டாவது சிம்மின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.

5. கேமராவில் மெகாபிக்சல் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் படம் நன்றாக வந்துவிடாது. 108 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். 50 என்றாலும் பெரும்பாலும் நாலைச் சேர்த்து 12.5-தான். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் வசதி மெயின் கேமராவில் இருக்கிறதா என்று கேளுங்கள், அது உண்மையிலேயே உதவும். 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் என்று கூட ஒட்டியிருப்பவற்றைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லா போனும் அழகாகத்தான் எடுக்கும். இருட்டான மூலையில் ஒரு படம், நடந்து வருகிறவரை ஒரு படம், பில்லில் இருக்கும் பொடி எழுத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பியூட்டி மோடை அணைத்துவிட்டு வீட்டார் முகத்தையும் எடுங்கள். மாநிறத்தை வெளுக்க வைத்துக் காட்டுகிற கேமரா எனக்குப் பிடிக்காது. கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் அம்மாவின் முகம் அம்மாவின் முகமாக இருக்க வேண்டும்.

6. டெமோ போனைக் கடை வாசல் வரை கொண்டுபோய் வெயிலில் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே பளிச்சென்றிருந்த திரை நம் ஊர் வெயிலில் மங்கிப்போகலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பார்க்க வேண்டிய திரை அது.

7. டிஸ்ப்ளே உடைந்தால் என்ன செலவு என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். இரண்டு போன்களுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் திணறுகிறவர்களுக்கு சர்வீஸ் சென்டருக்குப் போடும் ஒரு போன் கால் போதும். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, ஸ்பேர் வர எத்தனை நாள் ஆகும். அங்கிருப்பவர்களிடமிருந்து தயக்கமில்லாமல் பதில் வந்தால் நல்ல அறிகுறி. சென்னையில் நாலு சென்டர் வைத்திருக்கும் கம்பெனிக்கு உங்கள் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஓரம் வளைந்த திரை பார்க்க அழகு. ஆனால் டெம்பர் கிளாஸ் சரியாக ஒட்டாது, உடைந்தால் செலவும் கூடுதல். கையில் குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தட்டையான திரையே நல்லது.

8. பேட்டரி 5,000 எம்ஏஎச் என்பது இன்று சாதாரணம். சிலிக்கான் கார்பன் பேட்டரி வந்தபிறகு 6,000, 7,000 எம்ஏஎச் போன்களும் கனமில்லாமல் கிடைக்கின்றன. எத்தனை வருடம் தாங்கும் என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. பேட்டரி எத்தனை முறை தாங்கும், ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது, கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்று லேபிளிலேயே போட்டாக வேண்டும். நீங்கள் பார்க்கும் மாடல் அங்கேயும் விற்றால் அந்த லேபிளை இணையத்தில் தேடிப் பாருங்கள். இங்கே விற்பதில் பேட்டரி அளவு மாறியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

9. பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா? ஆப்பிள் 2020-லேயே நிறுத்திவிட்டது. சாம்சங்கின் பல மாடல்களிலும் கிடையாது. இல்லாவிட்டால் அந்தச் செலவையும் போன் விலையோடு கூட்டுங்கள். 80 வாட் என்று போட்டிருந்தாலும் அந்த வேகம் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சார்ஜரிலும் கேபிளிலும்தான் வரும்.

10. 5ஜி போனில் எந்தெந்த அலைவரிசை வேலை செய்யும் என்று பாருங்கள். ஜியோவின் 5ஜி, எஸ்ஏ முறையில், அதாவது 4ஜியின் துணையில்லாமல் தனித்து இயங்குகிறது. அதற்கு என்28, என்78 இரண்டும் இருப்பது நல்லது. என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். சுவர் தாண்டி வீட்டுக்குள் வரக்கூடியது. வீட்டில் சிக்னலே தடுமாறுகிறது என்றால் வைஃபை காலிங் இருக்கும் போனாகப் பார்த்து வாங்குங்கள்.

11. ஐபி68 என்று போட்டிருந்தாலும் அது ஆய்வுக்கூடத்தில் சுத்தமான நல்ல தண்ணீரில் பார்த்த சோதனை. கடல் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கணக்கில் வராது. தண்ணீர் புகுந்து பழுதானால் பொதுவாக வாரன்டியும் கிடையாது.

12. பெரியவர்களுக்கு வாங்கினால் அவர்களைக் கடைக்கு அழைத்துப் போங்கள். வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்து தேய்ந்த விரல்களைச் சில ஃபிங்கர்பிரிண்ட் சென்சார்கள் எளிதில் படிக்காது. அவர்கள் விரலை வைத்தே பார்த்துவிடுங்கள். ரிங் சத்தம், எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் எல்லாம் அடங்குகிறதா, ஒரு கையில் பிடிக்கக் கனமாக இருக்கிறதா, எல்லாவற்றையும் அவர்களே சொல்லட்டும்.

13. டெமோ போனில், நாம் கேட்காமலே ஏற்றி வைத்திருக்கும் ஆப்கள் எத்தனை என்று எண்ணுங்கள். சில போன்களில் லாக் ஸ்க்ரீனிலும் நோட்டிஃபிகேஷனிலும் விளம்பரம் வரும். அதைத் தெரியாமல் தொட்டுவிட்டுத் தவிப்பது பெரும்பாலும் வயதானவர்கள்தான். இரண்டு போன் சமமாக இருந்தால் விளம்பரம் இல்லாததை எடுங்கள்.

14. விலை. தள்ளுபடியை எம்ஆர்பியோடு ஒப்பிடாதீர்கள். போன மாதம் அதே போன் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். தீபாவளியை ஒட்டி ஆன்லைனில் குறையும். அந்த விலையைக் காட்டிக் கேட்டால் ஊர்க் கடையிலும் பலர் இறங்கி வருவார்கள். 'வட்டியில்லா இஎம்ஐ' என்றாலும் பிராசஸிங் கட்டணமும் வட்டிமேல் ஜிஎஸ்டியும் நம் தலையில்தான் வரும். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. மொத்தம் கட்டும் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

15. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஐபோன் வாங்கி வருவதாகச் சொன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் சிம் போடும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். அடிக்கடி சிம்மை மாற்றுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் இங்கே வாரன்டி செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

16. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்கள் வாட்ஸ்அப் பேச்சுகளை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். ஐபோனை முழுதாகச் செட் செய்துவிட்டால், பிறகு அதை ரீசெட் செய்துதான் மாற்ற முடியும்.

17. செகண்ட் ஹேண்ட் போனா? *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். மெசேஜில் ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த எண் என்று அடித்து 14422-க்கு அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்று பதில் வரும். விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் ரீசெட் செய்த பிறகு போன் திறக்காது.

18. பழைய போனை வீட்டில் ஒருவருக்குக் கொடுக்கும்போதும் இதே போல உங்கள் கணக்கை நீக்குங்கள். அதற்கு முன் புது போனில் வங்கி ஆப், யுபிஐ எல்லாம் சிம் போட்டுச் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அம்மாவுக்குக் கொடுக்கும் போனில் செக்யூரிட்டி அப்டேட் எந்த மாதத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். வருடக்கணக்கில் பழையது என்றால் அதில் வங்கி ஆப் வேண்டாம். பேசவும் வீடியோ கால் போடவும் மட்டும் இருக்கட்டும். முடிந்தால் இந்த முறை புதிதை அவருக்கே வாங்கிக் கொடுங்கள். சைபர் மோசடிக்குப் புகார் சொல்ல வேண்டிய 1930 என்ற எண்ணை அவர் போனில் பெயரோடு பதிந்து வையுங்கள்.

19. பில் வாங்காமல் வராதீர்கள். பில்லில் இருக்கும் ஐஎம்இஐயும் பெட்டியில் இருப்பதும் போனில் *#06# காட்டுவதும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். பில்லைப் படமெடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை வைத்து முடக்கலாம். வாரன்டி தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். இரண்டுக்குமே அந்த பில் கையில் இருக்க வேண்டும்.