போலி வலிமை

தேரி மணலும் பனைமரங்களும் சூழ அமைந்த ஊர் உடன்குடி. பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அவ்வூர், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அதன் கருப்பட்டி தமிழகமெங்கும் பெயர்பெற்றது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைப் பொறுமையுடன் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் வார்த்தால்தான் நல்ல கருப்பட்டி கிடைக்கும். அப்பொறுமை இல்லாதவர் சிலர் சீனியைக் கலந்துவிடுகின்றனர். அதன் வடிவம் கருப்பட்டியே, குணமோ வேறு.

இத்தகைய கலப்படம் மனித உடலிலும் நிகழ்வதுண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் மாணவர் பலர் தம் தோளையும் மார்பையும் பிறருடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். திரைப்பட நடிகரின் உடற்கட்டும், கைப்பேசியில் காணும் படங்களும் அவர்தம் ஆசையை வளர்க்கின்றன. உடல் உரம் பெற விரும்புவது குற்றமன்று. ஆயின், அதனைச் சில வாரங்களில் பெற்றுவிட எண்ணி, மாத்திரையையும் ஊசியையும் நாடுவது பெருங்கேடு. அம்மருந்துகளுக்கு அனபாலிக் ஸ்டீராய்டு என்பது பெயர்.

ஆணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் பொருளை அறிஞர்கள் 1935-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் செயற்கையாகவும் உருவாக்கினர். அதனையொத்த மருந்துகளே இவை. அச்சுரப்பு குறைந்த நோயாளிகளுக்கு மருத்துவர் இவற்றை அளவறிந்து தருவதுண்டு. நோயற்ற சிறுவன் உட்கொண்டாலோ நிலைமை வேறு. வெளியிலிருந்து மருந்து வந்து நிறைவதால், மூளை தன் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. விரைகள் தம் தொழிலை மறந்து சுருங்குகின்றன. மருந்தின் ஒரு பகுதி பெண்மைச் சுரப்பாக மாறுதலால், ஆணுக்கும் மார்பகம் பருக்கக்கூடும். கல்லீரலும் இதயமும் கேடுறும், சினம் மிகும், மருந்தை நிறுத்தியபின் மனச்சோர்வு சூழும்.

வளரும் பருவத்தினருக்கு மற்றோர் இழப்பும் உண்டு. நீண்ட எலும்புகளின் முனையிலுள்ள குருத்தெலும்பே உயரத்தை வளர்ப்பது. இம்மருந்து அதனை உரிய காலத்திற்கு முன்பே கெட்டியாக்கிவிடக்கூடும். பின்னர் எம்மருந்தாலும் இழந்த உயரத்தை மீட்க இயலாது. பெரியவனாகத் தோன்ற விரும்பிய சிறுவன், வளர வேண்டிய அளவுக்கு வளராமலே நின்றுவிடுகிறான்!

“பலரும் உட்கொள்கின்றனரே!” என்பர் சிலர். பலர் செய்வதால் நஞ்சு அமுதாகிவிடாது. 1970-களிலும் 1980-களிலும் கிழக்கு ஜெர்மனியில், வளரிளம் விளையாட்டு வீரர், வீராங்கனையர் பலருக்கு இம்மருந்தை வைட்டமின் என்று கூறிக் கொடுத்தனர். அவர்களுள் பலர் பிற்காலத்தில் நோயுற்று வருந்தினர். 2000-ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம், அந்நாட்டின் விளையாட்டுத் துறையை நடத்திய மான்ஃபிரெட் எவால்டைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

“வெற்றி கிடைக்குமே!” என்பர் வேறு சிலர். 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி உலகை வியக்கச் செய்தார். அவர் ஸ்டீராய்டு உட்கொண்டது சோதனையில் வெளிப்பட்டது. மூன்றே நாளில் பதக்கம் பறிபோயிற்று. ஓடிய கால்கள் அவருடையனவே. எனினும் வெற்றி அவருடையதாகவில்லை.

பனையேறும் தொழிலாளியின் தோளைப் பாருங்கள். பருவகாலத்தில் நாள்தோறும் காலையும் மாலையும் மரமேறியதால் திரண்ட உரம் அது. முட்டையும் மீனும் பயறும் கடலையும், முறையான பயிற்சியும், நிறைந்த உறக்கமுமே தசையை வளர்ப்பன. அவை மெல்ல வளர்க்கும். ஆயினும் கேடின்றி வளர்க்கும்.

மாணவர்களே! மெலிந்த தோழனை “நோஞ்சான்” என்று எள்ளாதீர்கள். அவ்வொரு சொல்லே அவனை ஊசியின்பால் துரத்தக்கூடும். எவரேனும் இம்மருந்தை உட்கொண்டிருப்பின், அதனை மறைக்காமல் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கூறச் செய்யுங்கள். தோழனின் உடலைக் காப்பதும் நட்பின் கடமையன்றோ?