பாட்டும் கூலியும்

சாம்பியன் ரீப்ஸில் ஒரு லைன் வீடு. அதில் ஒரு தந்தையும் மகனும் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்வோம்.

தந்தை தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அவர் வேலையும் போயிற்று.

மகனுக்குப் பெங்களூரில் வேலை. விடியும் முன்பே சாம்பியன் நிலையத்தில் ரயில் ஏறுவான். இரவுதான் வீடு திரும்புவான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் வேறு ஆள். நண்பர்கள் எட்டுப் பேர் ஒன்று சேர்வார்கள். ஒருவன் டிரம்ஸ் அடிப்பான். ஒருவன் கிதார் மீட்டுவான். மகன் கீபோர்டு வாசிப்பான். தெருத் திருவிழாவில் பாடுவார்கள். நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் பாடுவார்கள். காசு கேட்பதில்லை.

ஒருநாள் மகன் தந்தையிடம் வந்தான்.

"நைனா, வேலையை விட்டுடட்டுமா? முழு நேரமும் வாசிக்கப் போறேன். ஒரு கச்சேரிக்குப் பன்னிரண்டாயிரம் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார்."

தந்தை கோபப்படவில்லை. "நோட்டும் பென்சிலும் எடுத்து வா" என்றார். இருவரும் கணக்குப் போட்டார்கள்.

கச்சேரிப் பணம்: ரூ. 12,000
ஒலிபெருக்கி வாடகை: ரூ. 3,500
வேன் வாடகை: ரூ. 2,500
மீதி: ரூ. 6,000
எட்டுப் பேரில் ஒருவர் பங்கு: ரூ. 750

"மாசத்துக்கு எத்தனை கச்சேரி வரும்?" என்று தந்தை கேட்டார்.

"கல்யாண மாசத்தில் நாலைந்து வரும்."

"ஆடி மாசத்தில்? மார்கழியில்?"

மகன் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "அப்போ சும்மாவே வாசிக்கணுமா நைனா?" என்றான்.

தந்தை சொன்னார்: "உன் தாத்தா வட ஆற்காட்டில் பறை அடிச்சார். ஊரில் சாவு விழுந்தா கூப்பிடுவாங்க. வர மாட்டேன்னு சொல்ல முடியாது. கூலி இவ்வளவுன்னு கேட்கவும் முடியாது. அது சாதிக் கட்டாயம். அப்புறம் இங்கே வந்து சுரங்கத்தில் இறங்கினார். உழைப்புக்குக் கூலி வாங்கினார். அதுக்கப்புறம் தனக்குப் பிடிச்சபோதுதான் பறையைத் தொட்டார். அப்போ அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் பார்த்திருக்கேன். சும்மா வாசிக்கலாம்ப்பா. ஆனா அது நம்ம விருப்பமா இருக்கணும்."

பாட்டு பிழைப்புக்கா? மகிழ்ச்சிக்கா? இந்தக் கேள்வி பலருக்கும் உண்டு. இரண்டுக்கும் இடம் கொடுத்து வாழ்ந்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் எம்.பி.சீனிவாசன்.

அவர் 1925-ல் பிறந்தவர். சினிமாவுக்கு இசை அமைத்தார். 1960-ல் 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப் படம் வந்தது. அதற்கு இசை அவருடையதுதான். மலையாளப் படங்கள் பலவற்றுக்கும் இசை அமைத்தார். அது அவருடைய தொழில்.

சினிமாப் பாட்டில் பாடுபவர் குரலை நாம் கேட்கிறோம். அவர் பெயர் நமக்குத் தெரியும். பின்னால் பலர் வயலின், தபேலா, புல்லாங்குழல் வாசிக்கிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களும் உழைப்பாளிகளே. அவர்களின் உரிமைக்காகச் சீனிவாசன் பாடுபட்டார். அவர்கள் சங்கமாகச் சேர முன்னின்று உழைத்தார்.

அவரே இன்னொரு வேலையும் செய்தார். 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். சேர்ந்திசை என்றால் பலர் சேர்ந்து பாடுவது. அங்கே பாட வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டு தொழில் அல்ல. ஆசையால் வந்தார்கள். பல மொழிப் பாட்டுகளைக் கற்றுப் பாடினார்கள். சீனிவாசன் 1988-ல் காலமானார். அதன் பிறகும் அவர் வளர்த்த சேர்ந்திசை தொடர்ந்தது.

பாட்டையே பிழைப்பாகக் கொண்டு உயர்ந்தவர்களும் உண்டு. இளையராஜா சிறு வயதில் தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகப் போனார். பிறகு சென்னைக்குப் போனார். அங்கே இசை கற்றார். பிறருடைய இசையில் கிதார் வாசித்தார். உதவியாளராக வேலை செய்தார். 1976-ல்தான் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குமுன் பல ஆண்டு உழைப்பு இருந்தது.

எல்லோருக்கும் அந்த உயர்வு கிடைக்காது. கிடைக்காதவர் வாசித்தது வீண் என்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஆறு நாள் களைப்பைத் தீர்க்கிறது. நண்பர்களைச் சேர்த்து வைக்கிறது. அதுவும் பயன்தான்.

மகன் நண்பர்களோடு பேசினான். வேலையை விடுவதில்லை என்று முடிவு செய்தான். எட்டுப் பேரும் சேர்ந்து நோட்டில் இப்படி எழுதினார்கள்:

1. நம் தெருவுக்கும் நண்பர்களுக்கும் காசு வாங்க மாட்டோம்.
2. மற்றவர்கள் கூப்பிட்டால் தொகையை முன்பே பேசி எழுதிக் கொள்வோம். முன்பணம் வாங்குவோம்.
3. வரவும் செலவும் எல்லோரும் பார்க்கும்படி எழுதுவோம். மீதியைச் சமமாகப் பிரிப்போம்.
4. பிடிக்காத இடத்துக்குப் போக மாட்டோம்.

தந்தை நோட்டை வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். நான்காவது வரியை இரண்டு முறை படித்தார்.

"இது உன் தாத்தாவுக்குக் கிடைக்காதது" என்றார்.

சிந்தியுங்கள்

1. கட்டாயத்தால் வாசிப்பதற்கும் விருப்பத்தால் வாசிப்பதற்கும் என்ன வேறுபாடு?
2. ஒரு கச்சேரிக்கு ரூ. 10,000 கிடைத்தது. செலவு ரூ. 4,000. ஆறு பேர் வாசித்தார்கள். ஒருவர் பங்கு எவ்வளவு?
3. உங்கள் தெருவில் பாடுபவர், வாசிப்பவர் யார் யார்? அவர்கள் பெயர்களை எழுதுங்கள்.