பொறியில் விளையுமா அறிவு?

அறிவுடைய பொறியை மனிதனால் ஆக்க முடியுமா என்று கேட்போர் பலர். அதை ஆக்காமல், உயிரினம் போல் தானே வளரவிட்டால் என்ன என்று கேட்டோர் சிலர். அச்சிலரின் முயற்சியை ஈண்டுக் காண்போம்.

1950-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங் ஒரு வழி கூறினார். முதிர்ந்த மனத்தை நேரே படைக்க முயல வேண்டா. குழந்தை மனம் போன்ற பொறியை அமைத்துக் கற்பிக்கலாம் என்றார். அப்பொறியின் அமைப்பை உயிர்களின் மரபுக்கும், அதில் செய்யும் மாறுதல்களை மரபில் நேரும் திடீர் மாற்றத்துக்கும், ஆய்வாளரின் தீர்ப்பை இயற்கைத் தேர்வுக்கும் ஒப்பிட்டார். 1975-இல் அமெரிக்கர் ஜான் ஹாலந்து எழுதிய நூல் இக்கருத்தைக் கணிப்பொறிக்குரிய முறையாக வளர்த்தது. பல விடைகளை உண்டாக்கு, சிறந்தவற்றைத் தேர்ந்தெடு, அவற்றைக் கலந்து மீண்டும் சோதி. இதுவே அதன் சாரம்.

இம்முறையில் தீர்ப்பளிப்பவர் ஒருவர் உண்டு. அவரும் இல்லாவிட்டால் என்ன நிகழும்? வெப்பமண்டலக் காடுகளை ஆராய்ந்த தாமஸ் ரே 1990-இல் இதைச் சோதித்தார். ‘டியெரா’ என்னும் கணிப்பொறி உலகில், தன்னைத்தானே படியெடுக்கும் நிரல் ஒன்றை விட்டார். அதன் நீளம் 80 கட்டளைகள். படியெடுக்கையில் சிற்சில பிழைகள் நேரும். இடம் நிறைந்தால் பழையனவும் பிழை மிக்கனவும் நீக்கப்படும். விரைவில் 45 கட்டளைகளே கொண்ட ஒட்டுண்ணிகள் தோன்றின! அவை அண்டை நிரலின் கட்டளைகளைக் கொண்டு தம்மைப் படியெடுத்தன. அவற்றை எதிர்க்கும் இனங்களும் பின்னர் எழுந்தன. இவற்றுள் எதையும் ரே எழுதவில்லை.

பின்னர், பல ஊர்க் கணிப்பொறிகளை இணையத்தால் பிணைத்து, இந்நிரல்களுக்கு ஒரு காப்புக்காடு அமைக்க அவர் முற்பட்டார். எனினும் எதிர்பார்த்த பெருமலர்ச்சி வரவில்லை.

காரணம் யாது? டியெராவில் பிழைத்தலே பயன். பிழைக்கச் சுருங்குவது எளிய வழி. சிந்திப்பதால் ஊதியம் கிடைக்காத உலகில் சிந்தனை ஏன் விளையும்? ஆகவே, தலைமையில்லா வளர்ச்சியிலும் சூழலை அமைப்பவர்க்குப் பொறுப்பு உண்டு என்பது என் துணிபு. உழவன் நெல்லைப் படைப்பதில்லை. ஆயினும் எதை விதைநெல்லாக வைப்பது என்பதை அவனே முடிவு செய்கிறான்.

பொறியியல் பயிலும் தோழர்கள் உயிரியல் நூல்களையும் புரட்டிப் பார்த்தல் நன்று. நாளை அந்த விதைநெல்லைத் தேர்வோர் நம்முள்ளும் இருக்கலாம்.