கால்: உறுப்பும் பின்னமும்

பின்னப் பாடம் தொடங்கும் நாளில் கரும்பலகையில் ‘கால்’ என்று எழுதினால், சில பிள்ளைகள் குனிந்து தம் காலைப் பார்ப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை. அவர்கள் சரியான இடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மாட்டுக்கு நான்கு கால். ஒரு கால் என்பது நான்கில் ஒன்று. 1/4 என்னும் அளவுக்குக் கால் என்ற பெயர் இப்படி அமைந்தது என்பர். மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே சொல் உறுப்பையும் பின்னத்தையும் குறிக்கிறது. வடமொழியின் ‘பாதம்’ என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு.

காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. மூன்று கால் சேர்ந்தால் முக்கால். ‘முக்கால் என்றால் மூன்று கால்’ என்று ஒரு குழந்தை எழுதினால் நாம் தவறு போட்டுவிடுகிறோம். உண்மையில் பாதிக் கணக்கை அது முடித்துவிட்டது! 1/4-ஐ மூன்று முறை கூட்டச் சொன்னால் மீதியும் வந்துவிடும்.

முக்கால், முக்காலி, முக்காலம் மூன்றையும் அருகருகே எழுதிக் கேளுங்கள். முக்காலியில் இருப்பது தாங்கும் கால். முக்காலத்தில் இருப்பது காலம் என்னும் வேறு சொல். காலாண்டுத் தேர்வைக் ‘காலம் + ஆண்டு’ என்று பிரிக்கும் மாணவர் மேல்வகுப்புகளிலும் உண்டு. அது கால் + ஆண்டு, மூன்று மாதம்.

இன்னொரு கால் எழுத்திலேயே இருக்கிறது. ‘கால்’ என எழுதும்போது ககரத்தை அடுத்து நிற்கும் குறியின் பெயர் துணைக்கால். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.