தொலபோவின் கழுத்தைப் புதைக்காதே

தங்கச்சி, கொட்டாஞ்சேனையில் பாய் விரிக்கிற அளவு முற்றத்தில் தொலபோ வருமா எண்டு கேட்டாய். தாராளமா வரும். கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் தானாய் நிக்கிற செடி. துறைமுகப் பக்கத்து உப்புக்காத்து அதுக்குப் பழக்கம்தான். தமிழில் விஷமூங்கில் எண்டு சொல்லுவினம். அந்த 'விஷம்' சும்மா வைச்ச பெயரில்லை.

சின்னச் சட்டி வேண்டாம். இலையே ஒரு மீற்றர் நீளம் போகும். ஒன்றரை அடி வாயுள்ள சட்டி, அடியில் நாலைஞ்சு ஓட்டை. மண்ணோடு பாதிக்குப் பாதி மணலும், கொஞ்சம் கொம்போஸ்டும் போடு. அரை நாள் வெயிலாவது படவேணும்.

நடும்போது கிழங்கின் உடம்பு மண்ணுக்குள்ளே, கழுத்து வெளியிலே. நான் முதல்முறை பாசத்தில் கழுத்தையும் சேர்த்து மூடிவிட்டேன். வைகாசி மழை ரெண்டு கிழமை அடிச்சுது. இலை மஞ்சளானதும் தோண்டிப் பார்த்தால், அழுகின மாம்பழத்துக்குள் போனமாதிரி விரல் உள்ளே போச்சுது. நாத்தமெண்டால் நாத்தம்! வைச்ச பிறகு இடம் மாத்தவும் கூடாது. வேரைக் குழப்பினால் ஒரு வருஷம் பூக்காமல் கோபிச்சுக்கொண்டு நிக்கும்.

கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் பட்டையுமாய் ஒரு மயிர்க்கொட்டி கூட்டமாய் வரும். இலைக்குள்ளே புகுந்து தின்று, கழுத்துக்கு இறங்கும். பின்னேரம் டோர்ச் அடிச்சுப் பொறுக்கிச் சவுக்காரத் தண்ணியில் போடு. இலை முழுக்கப் போனாலும் பயப்பிடாதே, கிழங்கு நல்லாயிருந்தால் திரும்ப வரும்.

இலை அடியில் தேங்கிற மழைத்தண்ணியை ரெண்டு மூண்டு நாளுக்கொருக்கால் தட்டிவிடு. சட்டிக்குக் கீழே தட்டு வைக்காதே. டெங்கு பார்க்க வாற சுகாதாரப் பரிசோதகர்மாருக்கு முதல் கண்ணில் படுறது அதுதான்.

கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்காதே, பார்க்க வெங்காயம் மாதிரி. தின்றால் சத்தி எடுத்தே களைச்சுப் போவாய். சாறு பட்டால் கடிக்கும், கையுறை போட்டு வெட்டு. பிள்ளைகளுக்கும் சொல்லி வை.

பூ அந்தியில் விரியும். ஒரே தண்டில் இருபதுக்கு மேலே, மெல்லிசு இதழ், இரவில்தான் வாசம். விதை சின்னத் தேசிக்காய் அளவு, கடலில் மிதந்து போய்க் கரையேறுற சாதி. மேசையில் கிடந்தாலும் முளை விடும். காயவைக்காமல் மண்மேலே பாதி அமர்த்திவிடு. பூக்கச் சில வருஷம் பிடிக்கும். பக்கக்கன்று எண்டால் கெதி.

வெள்ளை இதழில் சிவப்பு வரி ஓடுற இனமும் ஒண்டு இருக்கு. கிரைனம் சைலானிக்கம் எண்ட அதின்ர பெயரிலேயே எங்கட நாடு, சிலோன், இருக்கு. எங்கேயாவது அதின்ர கன்று கண்டால், எனக்கும் ஒண்டு கேட்டு வாங்கி வை.